ஆறாம் கிண்ணத்து உப்பு

ஆவரைப்பட்டினத்துக் கிணறுகளுக்குள் கடல் வந்து சேர்ந்தபோது அரசாங்கத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தண்ணீரை மாற்றலாம், அல்லது நாக்கை மாற்றலாம். தண்ணீரை மாற்றப் பதினைந்து வருடம் ஆகும் என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாக்கை மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமுதநா திட்டம் அந்த வாரமே தொடங்கப்பட்டது.

நாக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை ஒட்டுவார்கள். ஊரில் அதற்கு ஸ்டிக்கர் என்று பெயர். லிட்டருக்கு ஒரு கிராம் வரை உப்பு இருந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்குத்தான் பிடிக்காது என்று வல்லுநர் குழு சொல்லியிருந்தது. அந்த ஒரு கிராமை மட்டும் ஸ்டிக்கர் மறைத்துவிடும். அதைத் தாண்டினால் நாக்கு வழக்கம்போலக் கத்தும், குடித்தவன் துப்பிவிடுவான். ஆகவே ஊர்த் தண்ணீரைச் சோதிக்கத் தனியாக யாரும் வேண்டியதில்லை, ஆறாயிரம் நாக்குகளும் சோதனைக் கருவிகள்தான் என்று திட்டத்தைத் தொடங்கிவைத்த அமைச்சர் பெருமையாகச் சொன்னார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கருவி என்றால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் அல்லவா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாரும் அமுதநா மையத்துக்கு வந்து ஸ்டிக்கரைப் புதுப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் ரேஷன் இல்லை. அந்த மையத்தின் ஆய்வக உதவியாளர் தங்கபுஷ்பம். கணவன் கப்பலில், மகள் பியூலா ஏழாம் வகுப்பில். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஊரிலுள்ள ஒவ்வொரு நாக்கும் அவள் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. கடைத்தெருவில் யார் முகம் பார்த்தாலும் அவளுக்கு அவர்கள் நாக்குதான் முதலில் ஞாபகம் வரும்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நகராட்சி ஆஸ்பத்திரி டாக்டர் ஜீனத். மேசை மேல் ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன.

"ஒவ்வொரு வாட்டியும் கேக்கணும்னு நினைப்பேன். எதுக்கு ஆறு கிண்ணம்?" என்றார் டாக்டர்.

"மொதக் கிண்ணத்துல லிட்டருக்கு நூறு கிராம் உப்பு டாக்டரம்மா. அதுல ஒரு பங்கு எடுத்து, ஒம்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா ரெண்டாம் கிண்ணம், பத்து கிராம். அதுல ஒரு பங்கு, மறுபடி ஒம்பது பங்கு தண்ணி, மூணாவது. அது ஒரு கிராம். இப்படியே பத்துல ஒண்ணு, பத்துல ஒண்ணுன்னு போனா ஆறாவதுல லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் இருக்கும். சும்மா பேருக்கு உப்பு."

"மூணாவதுதான் முக்கியமோ?"

"ஆமா. அது உங்க நாக்குல இருக்கையில நான் இந்தப் பொத்தான அமுக்குவேன். அந்த அளவும் அதுக்குக் கீழயும் உங்க நாக்குக்குப் பச்சத் தண்ணி. ரெண்டாவது உப்புக் கரிக்கணும், நாலு, அஞ்சு, ஆறு ஒண்ணுமே தெரியக் கூடாது. அது சரியா இருக்கான்னு பாத்துட்டுச் சீல் வச்சிருவேன். வாயத் திறங்க."

பொத்தான் அமுங்கியது, விளக்கு எரிந்தது. டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பியூலா ரிப்போர்ட் பாத்தேன். கிட்னி ரொம்பக் களைச்சிருக்கு. இப்படியே போச்சுன்னா அடுத்த வருசம் அவள மெஷின்ல போட வேண்டி வரும். உப்பக் குறைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

தங்கபுஷ்பம் காலையில் பிள்ளையின் முகம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள். "கருவாடு, ஊறுகா, அப்பளம் எதுவும் வீட்டுப் பக்கமே வாரதில்ல டாக்டரம்மா. சோத்துல ஒரு கல்லு உப்பு போடலை."

"அப்ப எங்கருந்துதான் வருதாம்? இந்த மாசம் மட்டும் பதினேழு பிள்ளைங்க, எல்லாம் இதே கதை." டாக்டர் யோசித்தபடியே மேசையிலிருந்த தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். "நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. குடிச்சாத்தான் உள்ள இருக்கது எல்லாம் கழுவிட்டுப் போகும்."

அடுத்த நாள் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பில் மையம் வாக்குச்சாவடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முகாமுக்காக ஊற்றி வைத்த கிண்ணங்களைக் கொட்டக்கூட நேரம் கொடுக்காமல் அறையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு நாள். சீலை உடைத்து உள்ளே போனபோது கிண்ணங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

முதல் கிண்ணத்தில் கெட்டியாக உப்பு. அது சரி. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. அதுவும் சரி. மூன்றில், நான்கில், ஐந்தில் வெள்ளைப் படிவு. ஆறாம் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதிலும் அதே வெள்ளைப் படிவு. ஐந்தாம் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். நான்காவதையும் வைத்தாள். எது எது என்று சீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை.

அவள் அதைச் சுரண்டித் தராசில் போட்டாள். நாற்பது மில்லிகிராம். கிண்ணத்தில் ஊற்றியது பத்து மில்லி தண்ணீர். பத்து மில்லியில் நாற்பது மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு நாலு கிராம். கண்ணுக்கே தெரியக்கூடாத உப்பு, கரண்டியில் அள்ளுகிற மாதிரி இருந்தது.

"சுடலையாண்டி, இங்க வா."

அலுவலக உதவியாளர் சுடலையாண்டி தேர்தல் நாற்காலிகளை அடுக்குவதை விட்டுவிட்டு வந்தான்.

"டிஸ்டில்டு வாட்டர் எங்கருந்து எடுத்த?"

"கேன்லருந்துதான்க்கா."

"கேனுக்கு எங்கருந்து வந்துச்சு?"

"குழாய்லருந்து." அவனுக்கு அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. "மூணு வருசம் முன்னால வாட்டர் காய்ச்சுத மெஷின்ல காயில் எரிஞ்சு போச்சு. மேல எழுதிப் போட்டேன். 'தக்க மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்'னு பதில் வந்துச்சு. செஞ்சேன். ஃபைல்ல இருக்கு, எடுத்துத் தரட்டா?"

"குழாத் தண்ணி உப்புத் தண்ணில்லா?"

"என்னக்கா பேசுதீங்க? நல்லால்லா இருக்கு. நான் தினமும் குடிக்கேன்."

தங்கபுஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு பழைய வாக்காளர் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். கலக்குகிற தண்ணீரிலேயே நாலு கிராம் இருந்தால் முதல் கிண்ணம் நூற்று நாலு. அதில் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒன்பது பங்கு: பதினாலு. அடுத்தது ஐந்து. அதற்கடுத்து நாலு புள்ளி ஒன்று. இனி எத்தனை முறை கலக்கினாலும் நாலுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஒரு கிராம் என்று நினைத்து அவள் ஊரார் நாக்கில் வைத்தது ஐந்து கிராம். அதுவும் இன்றைய கணக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் குழாயில் உப்புக் குறைவாக இருந்தது. கடல் உள்ளே வர வர உப்பு ஏறியது, உப்பு ஏற ஏறக் கிண்ணம் ஏறியது, கிண்ணம் ஏற ஏற மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாக்கும் கூடவே ஏறியது. கத்த வேண்டிய நாக்குகளை அவளே தட்டித் தட்டித் தூங்க வைத்திருக்கிறாள். பியூலாவின் நாக்கையும்தான்.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரு மீட்டர் கூடவா இல்லை என்று கேட்கலாம். இருந்தது. அந்த மீட்டரைச் சரிபார்ப்பதும் இதே ஆறு கிண்ணங்களை வைத்துத்தான்.

அன்று மாலை இட்லிக் கொப்பரையில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணி போட்டு, சொட்டிய நீரை உள்ளே வைத்த கிண்ணத்தில் பிடித்தாள். மறுநாள் மையம் திறக்குமுன் அந்தத் தண்ணீரில் கிண்ணங்களைக் கலக்கித் தன் ஸ்டிக்கரைத் தானே சரிசெய்தாள். பிறகு குழாயைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

குமட்டிக்கொண்டு வந்தது. முழுக் கடல் இல்லை, கடலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இதைத்தான் பிள்ளைக்குத் தினமும் எட்டு தம்ளர் குடி, பத்து தம்ளர் குடி என்று பக்கத்தில் நின்று ஊட்டியிருக்கிறாள். அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவமானமும் பயமும் ஒன்றாக வந்தன.

உதவி இயக்குநர் நாகசுந்தரம் நல்ல மனிதர். எந்தப் பிரச்சனையைக் கொண்டுபோனாலும் முதலில் காப்பி வரவழைப்பார். தங்கபுஷ்பம் காப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதறாதீங்கம்மா. குழு போட்டுப் பாத்துடுவோம்."

குழு போடப்பட்டது. நகராட்சித் தலைவர், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், நாகசுந்தரம் என்று மூன்று பேர். செல்லுபடியாகும் நாக்குச் சான்றிதழ் உள்ளவர்கள்தான் குழுவில் இருக்கலாம் என்பது விதி. இடப்பக்கம் பழைய கிண்ணங்கள், வலப்பக்கம் இட்லிக் கொப்பரைக் கிண்ணங்கள். மூவரும் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்கள்.

"இடப்பக்கம் மூணாவதுல ஒண்ணும் தெரியல. வலப்பக்கம் மூணாவதுலயும் ஒண்ணும் தெரியல. ரெண்டும் ஒண்ணுதாம்மா. வித்தியாசமே இல்லையே," என்றார் பேராசிரியர்.

"சார், உங்க நாக்கச் சரிபண்ணுனதே இந்த இடப்பக்கத்துக் கிண்ணம்தான சார். அதுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? நாக்க விடுங்க. காய வச்சு எடை போட்டுப் பாருங்க."

பேராசிரியர் தராசைச் சுற்றி வந்தார். குனிந்து ஒட்டுச்சீட்டைப் படித்தார். "இதோட சான்றிதழ் காலாவதியாயி பதினாலு மாசம் ஆச்சே. இந்த எடைய நாங்க எப்படி எடுத்துக்க முடியும்? எங்க நாக்கெல்லாம் ஆகஸ்ட் வரைக்கும் செல்லும்."

வித்தியாசம் இல்லை, ஆகவே பிழை இல்லை என்று குறிப்பு எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சித் தலைவர் போகும்போது தாகமாக இருக்கிறது என்று குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.

இனி கேட்பதற்கு ஆள் இல்லை என்றானபோது தங்கபுஷ்பம் கேட்காமல் செய்வதென்று முடிவெடுத்தாள். முதலில் பியூலாவின் நாக்கைச் சரிசெய்தாள். பிள்ளை குழாய்த் தண்ணீரை வாயில் வைத்த வேகத்தில் துப்பியது. "நல்ல தண்ணியக் கெடுத்துட்டியேம்மா!" என்று கோபித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், அதுதான் கொப்பரையின் கொள்ளளவு. அதில் பிள்ளைக்குப் போக மிச்சம் பிடித்து இரண்டு வாரத்தில் ஒரு கேன் சேர்த்தாள். மூன்றாம், நான்காம் வார்டுகளின் முகாம் வந்தது. இருநூற்றுப் பதினாறு பேர் வரிசையில் வந்து நாக்கை நீட்டினார்கள். அந்தக் கேன் தண்ணீரில் கலக்கிய கிண்ணங்களைக் கொண்டு இருநூற்றுப் பதினாறு நாக்குகளையும் சரியான ஒரு கிராமுக்குத் திருப்பி வைத்தாள். உண்மை தெரிந்தால் ஊரே திரண்டு எழும் என்று நம்பினாள்.

ஊர் திரண்டு எழுந்தது உண்மைதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு மையத்து வாசலில் காலிக் குடங்களோடு கூட்டம் நின்றது. திரண்டது அவள் மேல்.

"ஏட்டி தங்கபுஷ்பம், எங்க நாக்க என்ன பண்ணுன?"

"ராத்திரியிலருந்து ஒரு வாய்த் தண்ணி இறங்கலை. கைப்பிள்ளைக்காரி நான், என்னத்தக் குடிப்பேன்?"

தங்கபுஷ்பம் படியில் ஏறி நின்றாள். "நாக்குல ஒண்ணுமில்ல. இப்பதான் சரியா இருக்கு. தண்ணிதான் உப்பு. மூணு வருசமா நாம உப்புத் தண்ணிதான் குடிச்சிருக்கோம். நம்ம பிள்ளைங்க முகமெல்லாம் ஏன் வீங்குது? யோசிங்க!"

முன்னால் நின்ற ஐஸ்பேக்டரி சூசை பொறுமையாகத்தான் பேசினார். "தங்கச்சி, நான் சொல்லுதேன் கேளு. நேத்து காலையில தண்ணி நல்லா இருந்துச்சா? இருந்துச்சு. இன்னைக்கும் அதே குழா, அதே தண்ணி. நடுவுல மாறுனது எது? நாக்கு. எது மாறுச்சோ அதத்தான சரிபண்ணணும்?"

கூட்டம் சூசையைப் பார்த்துத் தலையாட்டியது. இவ்வளவு தெளிவாக அந்த ஊரில் யாரும் பேசி நாளாயிற்று.

"சரி, உப்புதான்னே வச்சுக்க. நல்ல தண்ணி வருமா? எப்ப வரும்?" என்று கைப்பிள்ளைக்காரி கேட்டாள்.

ஜீப்பில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நாகசுந்தரம் அதற்குப் பதில் சொன்னார். "முன்மொழிவு அனுப்பியிருக்கோம்."

"அதுவரைக்கும் என்னத்தக் குடிக்க?"

அந்தக் கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்பட்டதுதான். ஆனால் பிள்ளை தோளில் துவண்டு கிடக்க, அவள் திரும்பித் தங்கபுஷ்பத்தைத்தான் பார்த்தாள். தங்கபுஷ்பத்திடம் இருந்தது இரண்டு லிட்டர் கொப்பரை. ருசியைக் கொடுத்துவிட்டோம், தண்ணீரைக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். ஆனா உங்கள விட்டா இந்தக் கிண்ணத்தக் கலக்க வேற ஆள் இல்ல," என்று நாகசுந்தரம் காதருகே சொன்னார். "இப்பவே சிறப்பு முகாம். பழைய மாதிரியே கலக்குங்க. புண்ணியமாப் போகும்."

சுடலையாண்டி கேனை நிரப்பிக்கொண்டு வந்தான். அவள் கலக்கினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது: ஒரு பங்கு, ஒன்பது பங்கு, ஒரு பங்கு, ஒன்பது பங்கு. கிண்ணங்களின் மேல் அளவைக் கணக்கிட்டு எழுத வேண்டும் என்பது விதி. நூறு, பத்து, ஒன்று என்று அச்சடித்த சீட்டுகள் டிராயரில் கட்டுக்கட்டாக இருந்தன. டிராயரைத் திறந்தவள் அதை மூடிவிட்டு, வெறும் தாளை வெட்டிப் பேனாவால் எழுதினாள். 104. 14. 5. 4.1. 4.01. 4.001. எழுத்து கொட்டை கொட்டையாக, வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, முன்பக்கம் பார்த்து ஒட்டினாள்.

நாகசுந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சீட்டு மாறியிருக்கே?"

"இந்த வாட்டி கணக்குப் போட்டு எழுதிருக்கேன் சார்."

"புள்ளியெல்லாம் சரியா வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். முகாம் தொடங்கியது. சூசை முதல் ஆளாக நாக்கை நீட்டினார். 5 என்று எழுதிய கிண்ணம் அவர் வாயருகே போனபோது அதைப் படித்தார், பாராட்டவும் செய்தார். "புள்ளியெல்லாம் போட்டு இப்பதான் சயின்ஸ் மாதிரி இருக்கு." எழுந்து போய்க் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, நிமிர்ந்து, "ஆகா!" என்றார். வரிசையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். கைப்பிள்ளைக்காரி குடித்தாள், பிள்ளைக்கும் புகட்டினாள். ரேஷனைக் காட்டி மிரட்டினால்தான் ஆள் வருகிற முகாமுக்கு மக்கள் தாமாக வந்து நிற்பதை நாகசுந்தரம் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பாராட்டுச் செய்தி வந்துவிட்டது.

நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஆளாக நாற்காலியின் முன்னால் வந்து நின்றது பியூலா.

பள்ளிச் சீருடையில், உதடு காய்ந்து வெடித்திருக்க, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். "பாட்டில் தண்ணி மொதப் பீரியட்லயே தீந்துருச்சும்மா. எங்க கிளாஸ் மேரி ஜெனோவும் குடிச்சா, நேத்து முகாம்ல அவளுக்கும் நாக்கு மாறிடுச்சு. எனக்கும் பழைய நாக்கே குடும்மா. தாகமா இருக்கு."

தங்கபுஷ்பத்தின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. பக்கத்தில் நாகசுந்தரம் சீல் கட்டையோடு காத்திருந்தார். பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ள வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது. தள்ளினால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பாள். தாகம் அப்படி.

"சீக்கிரம் வாயத் திறட்டி, பின்னால ஆளு நிக்கோம்லா," என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

பியூலா வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு கண் மட்டும் கிண்ணங்களின் மேல் ஓடியது. போன கண் திரும்பி வந்தது. உதடு மெல்ல மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தது.

"அம்மா, இது பத்துல ஒண்ணாத்தான குறையணும்?"

"ஆமா."

"அஞ்சாவதும் ஆறாவதும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு. நாலுக்குக் கீழ வரவே இல்ல. அப்ப ஊத்துன தண்ணியிலயே..." பிள்ளை நிறுத்தினாள். முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீ தப்பா எழுதிட்டியா?"

"இல்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு பியூலா," என்றாள் தங்கபுஷ்பம். "மூணு வருசத்துல இன்னைக்குத்தான் சரியா இருக்கு."

நாகசுந்தரம் தலையை நிமிர்த்தி, "பாப்பாவுக்குக் கணக்கு நல்லா வருது போலிருக்கே," என்று சிரித்தார்.

பியூலா சிரிக்கவில்லை. அம்மா இரண்டு வாரமாகச் சொல்லி நம்பாததை அந்த ஆறு எண்களும் நம்ப வைத்துவிட்டிருந்தன. காய்ந்த உதட்டை நாக்கால் தடவியபடி அவள் வரிசையைவிட்டு வெளியே வந்தாள்.

பின்னால் நின்ற பெண், "அப்பாடா," என்று ஓரடி முன்னால் வந்து, வாயைத் திறந்தாள்.